மணிக்கு 250 ரூபாய் கேட்டேன், எங்கே பிசகியது? (இணைய மன்றத்தில் ஒரு பதிவும் பதில்களும்)

ஈற்றெழுத்து (கோவை), திங்கள் இரவு

பதினோரு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை பார்த்தேன். கடைசியாகக் கையில் வாங்கிய சம்பளம் மாதம் 45,000. சென்ற ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு வடிவமைப்பு செய்யத் தொடங்கினேன். மணிக்கு எவ்வளவு கேட்பது என்று யாரையும் கேட்கவில்லை. மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 176 மணிநேரம். 45,000-ஐ அதால் வகுத்தால் 256 வந்தது. ஆறு ரூபாயைத் தள்ளிவிட்டு 250 என்று சொல்ல ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி வருவதால் இப்போதே வரிசை கட்டி நிற்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு முன்னால் கணினியை அணைத்த நாள் நினைவில் இல்லை. நேற்று வங்கிக் கணக்கைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் வந்தது 1,47,000. மாதத்துக்கு 24,500. விட்டுவந்த சம்பளத்தில் ஏறத்தாழ பாதி.

நான் மெதுவாக வேலை செய்கிறேனா, விலை தவறா என்று புரியவில்லை. வீட்டில் "திரும்ப அச்சகத்துக்கே போய்விடேன்" என்கிறார்கள். போய்விடலாமா என்று எனக்கும் தோன்றுகிறது.

தறிநாடா (ஈரோடு), திங்கள் நள்ளிரவு

1,47,000-ஐ 250-ஆல் வகுத்தால் 588 மணிநேரம். மாதத்துக்கு 98. ஆனால் நீங்கள் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மீதி மணிநேரமெல்லாம் எங்கே போனது? விலையைப் பற்றிப் பேசும் முன் அது தெரியவேண்டும்.

ஒரு வாரம் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து தண்ணீர் குடிப்பது தவிர மற்ற அனைத்தையும் எழுதுங்கள். நான் பதினான்கு ஆண்டுகளாக மென்பொருள் வேலையை இப்படித் தனியாகச் செய்கிறேன். முதல் இரண்டு ஆண்டு அந்த நோட்டு இல்லாததால் பட்ட கடனை அடைக்க மூன்றாவது ஆண்டு முழுவதும் போனது.

ஈற்றெழுத்து, அடுத்த திங்கள்

எழுதிப் பார்த்தேன். பார்த்த பிறகு இரண்டு நாள் இங்கே வரவே மனமில்லை.

வாரத்தில் மொத்தம் 51 மணிநேரம். பில் போட முடிந்தது 24. மீதி 27 மணிநேரத்தில் ஒரு பெரிய துண்டு எழுத்துரு மாற்றத்துக்குப் போயிருக்கிறது. ஓர் எழுத்தாளர் முந்நூறு பக்க நாவலைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். யூனிகோடுக்கு மாற்றினால் தமிழ் சரியாக வந்துவிடும், நடுநடுவே ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு இடம் மாறிய இடங்கள் தனி. ஏழு மணிநேரம். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை, ஏனென்றால் அது "வடிவமைப்பு" இல்லையாம். இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அவர் சொல்லவில்லை.

அட்டையில் இருக்கும் குருவி இடது பக்கம் பார்க்கவேண்டுமா வலது பக்கமா என்று தொலைபேசியில் 40 நிமிடம். மூன்றாம் மெய்ப்பு (பிழைதிருத்தப் பார்வை), நான்காம் மெய்ப்பு. நான்காவதில் ஆசிரியர் ஓர் அத்தியாயத்தையே எடுத்துவிட்டார், அதனால் பக்க எண்களும் பொருளடக்கமும் மறுபடி. பழைய பாக்கிக்காக ஒருவருக்கு ஐந்து முறை அழைப்பு. வராத வேலை ஒன்றுக்கு மாதிரிப் பக்கங்கள் நான்கு. ஆக, மெதுவாக வேலை செய்யவில்லை. இலவசமாக வேலை செய்திருக்கிறேன்.

கணக்குமேசை (திருச்சி), திங்கள் மாலை

தணிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்தக் கணக்கை மாதத்துக்கு இரண்டு பேருக்காவது போட்டுக் காட்டுவேன், உங்களுக்கும் போடுகிறேன். தொகைகளை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் தவறு, 45,000 உங்கள் சம்பளம் அன்று. அது கையில் வந்த மிச்சம். அடிப்படைச் சம்பளம் 22,500 என்று வைத்து, அது முழுவதற்கும் பி.எஃப். பிடித்தார்கள் என்றால், உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம், சேர்த்து மாதம் 5,400. ஆண்டுக்கு 64,800 உங்கள் கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டிருந்தது. பணிக்கொடை, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து, சுமார் 13,000. நால்வர் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 24,000 என்று வைப்போம். (தனிநபர் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, அது ஒரு சின்ன நிம்மதி.) கையில் வரவேண்டிய 5,40,000-உடன் இவற்றைக் கூட்டினால் 6,41,800.

அடுத்து, அச்சகம் கொடுத்த நாற்காலியும் மின்சாரமும். 80,000 ரூபாய்க் கணினி நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 20,000. மென்பொருள் சந்தா 36,000. இன்டர்நெட் 12,000. மின்சாரமும் யு.பி.எஸ். பேட்டரியும் 12,000. போக்குவரத்து 12,000. தொலைபேசி 4,000. எங்களைப் போன்றவர்களுக்கு 8,000. சேர்த்து 1,04,000. மொத்தம் 7,45,800. வராத பாக்கிக்கும் வேலையில்லாத வாரங்களுக்கும் பத்து சதவீதம் ஒதுக்கினால் ஆண்டுக்கு நீங்கள் பில் போடவேண்டியது சுமார் 8,28,700.

இனி மணிநேரம். 365 நாளில் சனி, ஞாயிறு 104 போனால் 261. பொங்கல், தீபாவளி என்று 14. காய்ச்சல், குழந்தையின் பள்ளி என்று 12. ஊர்த்திருவிழா, வீட்டு விசேஷம், நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டே ஆகவேண்டிய கல்யாணங்கள் 15. மிச்சம் 220 நாள். நாளுக்கு எட்டு மணி உட்காரலாம், ஆனால் பில் போடக்கூடியது ஐந்து மணிக்கு மேல் எனக்குத் தெரிந்த யாருக்கும் நிலைத்ததில்லை. 1,100 மணிநேரம்.

8,28,700-ஐ 1,100-ஆல் வகுத்தால் 753. நீங்கள் கேட்டது 250. மூன்றில் ஒரு பங்கு. முதல் மாதமே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது, ஆனால் யாரும் முதல் மாதம் போடுவதில்லை.

மைத்தொட்டி (சென்னை), செவ்வாய் காலை

பதிப்பாளர் தரப்பிலிருந்து ஒரு குரல். கோபப்படாமல் படியுங்கள்.

மணிக்கு 750 என்று கேட்டால் என் போன்ற சிறு பதிப்பகத்தில் நீங்கள் பேசி முடிக்கும்வரைகூட யாரும் காத்திருக்க மாட்டார்கள். நான் ஒரு நாவல் போட்டால் 300 படி அச்சடிக்கிறேன். விலை 250. கடைக்காரருக்கு 35 சதவீதக் கழிவு போகும். தாள், அச்சு, பைண்டிங், ஆசிரியருக்கு உரிமைத்தொகை. இருநூறு பக்கத்துக்கு வடிவமைப்பு இருபது மணிநேரம் என்றால் நீங்கள் சொல்லும் விலைக்கு 15,000. படிக்கு 50 ரூபாய். நான் இப்போது பக்கத்துக்கு 30 கொடுக்கிறேன், 6,000, படிக்கு 20. கணக்குமேசை அவர்கள் செலவிலிருந்து விலையைப் பிடித்துவிட்டார். வாங்குகிறவன் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. உங்கள் காப்பீட்டுக்கும் பி.எஃப்.புக்கும் என் வாசகர் எப்படிப் பொறுப்பாவார்?

கணக்குமேசை

ஆகமாட்டார். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்தோ வருகிறது. இப்போது அவருடைய சேமிப்பிலிருந்தும் இரவுத் தூக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் புத்தகத்தின் படிக்கு 30 ரூபாய் மானியம் அவர் கொடுக்கிறார். மானியம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

தறிநாடா, செவ்வாய் மதியம்

இரண்டு பேரும் சரி, ஆனால் இருவரும் வேறு வேறு எண்ணைப் பேசுகிறீர்கள். 750 வாடிக்கையாளரிடம் சொல்வதற்கான எண்ணே அன்று. அது நோட்டின் உள்ளட்டையில் எழுதிவைத்துக்கொள்ளும் எண். எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது என்று நமக்கு நாமே முடிவு செய்ய. வெளியே சொல்ல மணிக்கணக்கு மோசமான அலகு. நீங்கள் கைதேறி இருபது மணி வேலையைப் பத்து மணியில் முடித்தால் உங்கள் வருமானம் பாதியாகிறது. திறமைக்கு அபராதம். வாங்குபவருக்கும் பயம், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று.

ஈற்றெழுத்து, ஒரு கேள்வி. வெறும் உரைநடை நாவல் என்றால் மணிக்கு எத்தனை பக்கம் முடிப்பீர்கள்? அடிக்குறிப்பு உள்ள ஆய்வு நூல் என்றால்?

ஈற்றெழுத்து

கோப்பு யூனிகோடில் ஒழுங்காக வந்தால் நாவல் மணிக்கு 20 பக்கம். இரண்டு மெய்ப்புத் திருத்தத்துக்கு இருநூறு பக்கத்துக்கு நான்கு மணி கூடுதலாக ஆகும். அடிக்குறிப்பு வந்தால் 5 பக்கம். அட்டவணையும் சொல்லடைவும் சேர்ந்தால் 3.

தறிநாடா

பார்த்தீர்களா. மைத்தொட்டி இருபது மணி என்று பயந்தது உண்மையில் பதினான்கு மணி. அவர் தரும் 6,000-ஐப் பதினான்கால் வகுத்தால் மணிக்கு 429. நல்ல விலை இல்லை, ஆனால் உங்கள் 250-ஐவிட மேல். அதே 30 ரூபாய்க்கு ஆய்வு நூலை எடுத்தால் மெய்ப்பைக் கணக்கில் சேர்க்காமலே மணிக்கு 150. அட்டவணை உள்ள நூலுக்கு 90. ஒரே பக்க விலையில் நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். பக்கத்துக்கு 30 என்று பொதுவாக ஒப்புக்கொண்டவர்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளால்தான் அழிகிறார்கள்.

கடல்நீரேரி (யாழ்ப்பாணம்), செவ்வாய் இரவு

உங்கள் கணக்கில் ஒன்று இல்லை, காசின் மதிப்பு. எனக்கு அது இல்லாமல் பட்ட பாடு சொல்கிறேன்.

கனடாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு இணையத்தள வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு வசதி என்று மணித்தியாலத்துக்கு 1,500 இலங்கை ரூபாய் என்று ஒப்பந்தம். 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. மே மாதம் 350-ஐத் தாண்டியது. ஏழரை டொலருக்கு வேலை செய்தவன், ஒன்றுமே மாறாமல், நாலு டொலர் சொச்சத்துக்கு வேலை செய்பவன் ஆனேன். அவர்களுக்கு நான் மலிந்தது தெரியவே இல்லை, பட்டியலில் அதே 1,500. எனக்கோ மடிக்கணினி விலை இரட்டிப்பு. அந்த மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. விடிய இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தால் எழும்பி வேலை செய்வேன். அந்த நேரத்தை எந்தப் பட்டியலில் போடுவது?

ஓகஸ்டில் டொலருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், ஒரு மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார்கள். நாலு மாதம் கேட்கக் கூச்சப்பட்டது என் பிழை. இன்னொன்று. முன்பு எங்கள் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அதற்கு அதிகபட்சம் 15 வீதம் வரி. பழைய வீதத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அதையும் தங்கள் கையிலிருந்துதான் கட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை விலையைத் திரும்பப் பார்க்க ஒரு நாளை எழுதி வையுங்கள். நான் தைப்பொங்கலுக்கு அடுத்த நாளை வைத்திருக்கிறேன்.

புதுக்குருத்து (மதுரை), புதன்

பெரியவர்கள் பேசுவதில் குறுக்கிடுகிறேன். எங்கள் கல்லூரி வட்டாரத்தில் பக்கத்துக்கு 8 ரூபாய்க்குச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அந்த விலை இருக்கும்போது 30-க்கு மேல் கேட்டால் யார் வருவார்கள்?

மைத்தொட்டி, புதன்

இதற்கு நானே பதில் சொல்லவேண்டும், வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டீர்கள். 8 ரூபாய்க்கு நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். டிசம்பர் 20-ஆம் தேதி கோப்பு வந்தது. வரி முடிவில் ஒற்றெழுத்து தனியாக அடுத்த வரிக்கு ஓடியிருந்தது, புத்தகம் முழுக்க. பையனின் தொலைபேசி அணைந்திருந்தது. தேர்வாம். அதைச் சரிசெய்ய நான் இன்னொருவருக்குக் கொடுத்தது பக்கத்துக்கு 40. கண்காட்சிக்கு வராத புத்தகம் எனக்கு அடுத்த ஜனவரி வரை புத்தகமே இல்லை. டிசம்பரில் சொன்ன தேதிக்குக் கோப்பு தரும் ஒருவருக்கு நான் கூடுதலாகக் கொடுப்பேன். இதை முதல் பதிவில் சொல்லாமல் விட்டேன். பேரம் பேசுகிறவன் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்வானா?

தம்பி, உங்களைக் குறைசொல்லவில்லை. 8 ரூபாய்க்கு அந்த ஒற்றெழுத்தைப் பார்க்க நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

தறிநாடா

மைத்தொட்டி ஐயா, கண்காட்சி முடிந்த பிறகு, பிப்ரவரியிலிருந்து மே வரை உங்கள் அலுவலகத்தில் வடிவமைப்பு வேலை இருக்கிறதா?

மைத்தொட்டி

மறுபதிப்புகள் இருக்கின்றன. பழைய கோப்புகள் எல்லாம் பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றி மின்னூலாகவும் போடவேண்டும். அவசரமில்லை என்பதால் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போகிறது.

தறிநாடா

ஈற்றெழுத்து, இங்கேதான் பாருங்கள். கணக்குமேசை போட்ட 1,100 மணிநேரம் ஆண்டு முழுக்கச் சமமாக வராது. உங்கள் தொழிலில் ஐப்பசி முதல் மார்கழி வரை மூச்சுவிட முடியாது, மாசியில் ஈ ஓட்டவேண்டும். பருவத்தில் முழு விலை வாங்குங்கள். மாசி, பங்குனி, சித்திரைக்கான வேலையை இப்போதே எழுத்தில் தருபவருக்கு மட்டும் குறையுங்கள். காரணமில்லாமல் குறைத்தால் அடுத்த முறை அதுதான் ஆரம்ப விலை.

கணக்குமேசை, வியாழன்

வரி பற்றித் தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டதால் இங்கேயே. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்குத் தள்ளுபடி போக வருமான வரி இல்லை. ஆகவே மேலே போட்ட கணக்கில் வரியைச் சேர்க்கவில்லை. பதிப்பகம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள், பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று காணொளிகளில் சொல்வதை எல்லோரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சட்டம், மருத்துவம், பொறியியல், உள் அலங்காரம் என்று பட்டியலிட்ட தொழில்களுக்கு. புத்தக வடிவமைப்பு அதில் பெயர் சொல்லி இல்லை, உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாக்கிக்கு வருவோம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள், இலவசம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு கடிவாளம்: கெடு தாண்டிய பாக்கியை அவர்கள் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

ஈற்றெழுத்து

ஐயா, சட்டம் கேட்க இனிமையாக இருக்கிறது. என் பாக்கிக்காரர் கண்காட்சியில் என் மற்ற மூன்று வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்து அரங்கு. வழக்கு போட்டால் நால்வரும் சேர்ந்து தேநீர் குடித்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுவார்கள்.

கணக்குமேசை

வழக்கு போடச் சொல்லவில்லை. பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். மார்ச் மாதம் அவருடைய தணிக்கையாளரே அவரை அழைத்துக் கேட்பார்.

ஈற்றெழுத்து, மூன்று வாரம் கழித்து

செய்ததைச் சொல்கிறேன். பழைய வாடிக்கையாளர் ஏழு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். உரைநடை, யூனிகோடு கோப்பு, இரண்டு மெய்ப்பு உட்பட, பக்கத்துக்கு 50. அடிக்குறிப்பு உள்ள நூல் 150. அட்டவணை இருந்தால் பார்த்துவிட்டுச் சொல்வேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றுவது தனி, முந்நூறு பக்கத்துக்கு 4,000. மூன்றாம் மெய்ப்பிலிருந்து மணிக்கு 750. பாதி முன்பணம். அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு மாடிக்குப் போய்த் துணி காயவைத்தேன், ஈரமில்லாத துணியை.

இரண்டு பேர் பதிலே சொல்லவில்லை. ஒருவர் "உன்னை வளர்த்துவிட்டதே நான்தான்" என்றார். அவரிடம்தான் பழைய பாக்கியும் இருக்கிறது. ஆய்வு நூல்காரர் 150 என்றதும் போய்விட்டார், உண்மையைச் சொன்னால் அன்று நன்றாகத் தூங்கினேன். மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். பாமினி எழுத்தாளருக்கு 4,000 என்றதும் "அதற்குக் காசா, நானே யூனிகோடில் அடித்துத் தருகிறேன்" என்று பழகத் தொடங்கிவிட்டார். ஏழு மணிநேரம் மிச்சம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மைத்தொட்டி ஐயா தனிச்செய்தியில் வந்து 45-க்கு இறக்கினார். பதினான்கு மணிக்கு 9,000, மணிக்கு 643. என் 750-க்குக் கீழேதான். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எட்டு மறுபதிப்புகளை எழுத்தில் தந்து முன்பணமும் போட்டுவிட்டார்.

மைத்தொட்டி

40-க்கு இறக்கியிருப்பேன். குருவியை வரைந்தவர் நீங்கள்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். அது வலது பக்கம் பார்த்தது சரியான முடிவு.

ஈற்றெழுத்து

ஒன்றே ஒன்று மிச்சம். சித்தப்பா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை வடிவமைப்பு நான்தான் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. இதுவரை ஆறு முறை மாற்றம். நேற்று மாப்பிள்ளையின் பெரிய மாமா பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போனது என்று மறுபடி. மூன்றாம் மெய்ப்பிலிருந்து மணிக்கு 750 என்பதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது?

கணக்குமேசை

அது நான் விசேஷங்களுக்கு ஒதுக்கிய 15 நாளில் அடங்கும்.

தறிநாடா

சொல்லாதீர்கள். மொய்யில் கழித்துக்கொள்ளுங்கள்.